எல்லைக்கல்லும் துவக்கும்

வன்னியிலே, குளமொன்றின் கீழே அமைந்த கிராமத்துப் பாடசாலையிலே தமிழ் கற்பிப்பவன் நான். சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பு மாணவருக்குக் ‘காடு’ என்னும் பொருள்பற்றிக் கட்டுரை எழுதுமாறு பணித்தேன். காடு மழை தருகிறது, நிழல் தருகிறது, மூலிகை தருகிறது என்று பாடநூல் வழியிலே பெரும்பாலோர் எழுதியிருந்தனர். ஒரு மாணவனின் தாளில் மட்டும் இரண்டே வரிகள் இருந்தன. “காடு கந்தோருக்குச் சொந்தம். யானை எங்களுக்குச் சொந்தம்.”

குறும்பு என்று முதலில் எண்ணினேன். பின்னர்தான் அவன் அந்த வாரம் முழுவதும் வகுப்பிலே உறங்கி விழுந்தமை நினைவுக்கு வந்தது. நெல் கதிர் தள்ளும் காலம் அது. தகப்பனோடு காவற்கொட்டிலில் இரவெல்லாம் விழித்திருந்து, தகரம் தட்டி, தீப்பந்தம் கொளுத்தி யானை கலைத்துவிட்டுக் காலையிலே பாடசாலைக்கு வந்தவன் அவன். அதே தகப்பன் முந்திய ஆண்டு, தன் தந்தை விறகு வெட்டிய காட்டிலே விறகு வெட்டியமைக்காகத் தண்டம் கட்டியவன். அந்த இரண்டு வரிகளுக்கு மேல் எழுத அவனுக்கு என்ன இருந்தது? சிவப்பு மையால் திருத்த எனக்குத்தான் என்ன இருந்தது?

காடு பற்றியும் விலங்கு பற்றியும் நமது நாட்டுச் சட்டங்களைத் திருத்தவேண்டும் என்னும் பேச்சு அண்மைக் காலத்தில் ஓங்கி ஒலிக்கின்றது. இப்பேச்சைப் பேசுவோர் இரு கட்சியினர். ஒரு சாரார், காட்டைச் சுற்றி எல்லைக்கல் நாட்டுங்கள், மனிதனை வெளியே நிறுத்துங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்கின்றனர். மற்றொரு சாரார், விலங்குகளுக்குள்ள பாதுகாப்பை நீக்குங்கள், கமக்காரன் கையில் துவக்கைக் கொடுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்கின்றனர். முன்னவர் பெரும்பாலும் தலைநகரத்து மாளிகைகளிலிருந்து பேசுகின்றனர்; பின்னவர் பெரும்பாலும் தேர்தல் மேடைகளிலிருந்து பேசுகின்றனர். ஒருவரை ஒருவர் பகைவராகக் கருதும் இவ்விரு சாராரும் ஒரு விடயத்தில் மட்டும் ஒற்றுமையுடையர். நிலம் யாருடையது, அதனை யார் எவ்வாறு கைப்பற்றினர் என்ற கேள்வியை இருவரும் எழுப்புவதில்லை. அந்தக் கேள்வியை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் பிறந்த கதை

காடு அரசுக்குச் சொந்தம் என்பது இயற்கை நியதியன்று. அதற்குப் பிறந்த நாள் உண்டு, பெற்றோரும் உண்டு. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே அதனைப் பெற்றெடுத்தது. காடாகவோ தரிசாகவோ, குடியிருப்பாரின்றியோ பயிரிடப்படாமலோ கிடக்கும் நிலம் அனைத்தும், மாறாக நிரூபிக்கப்படும் வரையில், முடிக்குரியதெனக் கொள்ளப்படும் என்றது அச்சட்டம். நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது? எழுத்தறியாத கிராமத்தானுடையது. எதைக்கொண்டு நிரூபிப்பது? ஓலையும் சன்னதும் பத்திரமும் கொண்டு. பரம்பரை பரம்பரையாகச் சேனை கொத்தியவனும், மாடு மேய்த்தவனும், தேன் எடுத்தவனும் பத்திரத்துக்கு எங்கே போவான்? கோப்பித் தோட்டத்துக்கு மலிவாக நிலம் வேண்டியிருந்தது. சட்டம் அதனைச் சமைத்துக் கொடுத்தது. சட்டத்தை இயற்றியவரும் அதனை நடைமுறைப்படுத்தியவரும் கோப்பிக் காணி வாங்கியோர் வரிசையிலே நின்றனர் என்பதை வரலாறு மறைக்கவில்லை. 1897 ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டம் எஞ்சியிருந்த ஓட்டைகளையும் அடைத்தது. 1907 ஆம் ஆண்டின் காட்டுக் கட்டளைச் சட்டம் காவலுக்கு ஆளை நிறுத்தியது.

இது நிலத்தின் கதை. விலங்கின் கதை இதனினும் விசித்திரமானது.

மேஜர் றொஜர்ஸ் என்னும் வெள்ளை அதிகாரி இந்நாட்டிலே 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவன் எனக் கூறப்படுகின்றான். 1845 இல் அப்புத்தளையிலே மின்னல் தாக்கி அவன் மாண்டான். சாமுவேல் பேக்கர் என்பவன் நுவரெலியாவிலே குடியிருந்து, தான் ஆடிய வேட்டையை நூலாக எழுதிப் புகழ் பெற்றான். இவை தனிமனிதரின் வெறியென்று ஒதுக்கலாம். ஆனால் அரசே செய்ததென்ன? இலங்கையின் குடியேற்றச் செயலாளராக விளங்கிய எமர்சன் தெனன்ற் 1859 இல் வெளியிட்ட நூலிலே ஒரு கணக்குத் தருகிறார். 1848 க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன. தலைக்கு இத்தனை ஷில்லிங் என்று அரசு பரிசு வழங்கியது. 1851 க்கும் 1856 க்கும் இடையில் தென்மாகாணத்தில் 2,000 யானைகளுக்கு இவ்வாறு பரிசு கொடுக்கப்பட்டது. நம் காலத்திலே நாடு முழுவதிலும் இருந்த யானைகள் எத்தனை? 2011 இல் எடுத்த கணக்கு 5,879 என்றது. நமது வடக்கின் ஒரு மூலையில் மூன்றாண்டிலே அரசுப் பணம் கொடுத்துக் கொல்வித்த தொகை, 2011 இன் முழு நாட்டுத் தொகையிலே பாதிக்கு மேற்பட்டது என்பதை வாசகர் சிந்திப்பாராக.

கொல்லும் அளவுக்குக் கொன்று முடிந்த பின்னரே காக்கும் எண்ணம் பிறந்தது. 1894 இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. பெயரைக் கவனியுங்கள்: விலங்குப் பாதுகாப்பன்று, வேட்டை விலங்குப் பாதுகாப்பு. வேட்டைக் கனவான்களுக்கு வேட்டைப் பொருள் அற்றுப் போகாமற் காப்பதே அதன் தொடக்க நோக்கம். 1900 இல் யாலவிலே காப்பிடம் ஒதுக்கினர். அதனை அடுத்து, இந்நாட்டில் வதியும் துரைமார் வேட்டையாடவென்றே ஒரு நிலப்பரப்பும் ஒதுக்கப்பட்டிருந்தது. துரை துவக்கெடுத்தால் அது விளையாட்டு. வயிற்றுக்காகக் கிராமத்தான் கண்ணி வைத்தால் அது களவு. ‘கள்ள வேட்டை’ என்னும் சொல் நம் மொழிக்கு வந்த வழி இதுதான். இந்த மனப்பாங்கின் முதிர்ந்த கனியே 1937 ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். பலமுறை திருத்தப்பட்டும் இன்றும் நம்மை ஆள்வது அதுவே.

அச்சட்டத்தினால் நன்மையே விளையவில்லை என்று நான் கூறவில்லை. அது இல்லையேல் சிறுத்தையும் கரடியும் படத்திலே மட்டும் எஞ்சியிருக்கும். நான் கூறுவது வேறு. காட்டைக் காக்கும் பொறுப்பிலிருந்து காட்டோரத்து மனிதனை நீக்கி, அவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு, காப்பாளன் என்ற பட்டத்தைக் கொன்றவனே சூடிக்கொண்டான். அந்தப் பட்டம் இன்னும் கைமாறவில்லை.

சுதந்திரம் வந்தது, கூண்டு மாறவில்லை

1948 க்குப் பின் ‘முடிக்குரியது’ என்றிருந்த நிலம் ‘அரசுக்குரியது’ ஆயிற்று. பெயர்ப் பலகை மாறியது. பூட்டு அப்படியே இருந்தது.

1983 நவம்பரில் மதுறு ஓயாக் காடு தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. மகாவலித் திட்டத்தின் நீர்ப்பிடிப்பைக் காப்பதற்கென்று அதற்கு நியாயங் கூறப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அக்காட்டிலே வேட்டையாடியும் தேன் எடுத்தும் வாழ்ந்த வேடர்கள் எல்லைப்புறக் குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்டனர். தலைவர் திசாஹாமியும் அவரைச் சேர்ந்த சிலரும் தம்பானையை விட்டு அகல மறுத்தனர். அவர்களின் வேட்டை அன்று முதல் குற்றமாயிற்று. இந்நாட்டின் முதுகுடி தன் முற்றத்திலே அத்துமீறி நுழைந்தவனானான்! வாகரைப் பகுதியிலே தமிழ் பேசி வாழும் வேடர் வழியினரின் நிலையும் இதனினின்றும் வேறானதன்று. ஆயினும் அவர்களைப் பற்றித் தமிழராகிய நாமும் எவ்வளவு எழுதியிருக்கிறோம்?

நமது வடக்குக்கு வருவோம். முப்பதாண்டுப் போரில் ஊர்கள் வெறிதாயின. வயல்களிலே பற்றை மண்டியது. வீடுகளின் சுவரைப் பிளந்து மரம் எழுந்தது. 2009 க்குப் பின் மக்கள் மீண்டு வந்தபோது, பல இடங்களில் அவர்களுக்கு முன்னரே எல்லைக்கல் வந்து நின்றது. ஆகாயப் படத்திலே பச்சையாகத் தெரிந்தது காடு என்று குறிக்கப்பட்டது. அந்தப் பச்சைக்குள்ளே கிணறும், கோயிலும், சுடலையும் இருந்தமை படத்திலே தெரியவில்லை. 1840 இன் வாசகம் மீண்டும் உயிர்பெற்றது: குடியிருப்பாரின்றிக் கிடக்கும் நிலம் அரசுக்குரியது. குடியிருந்தவனைக் குண்டு துரத்தியதென்பது எந்தக் கட்டளைச் சட்டத்திலும் விதிவிலக்காக எழுதப்படவில்லை.

2015 யூனில் சுண்டிக்குளம், மடு வீதி, நெடுந்தீவு, ஆதாம்பாலம் ஆகியவை தேசியப் பூங்காக்களாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. பறவையும் விலங்கும் அவ்விடங்களில் வாழ்தல் எமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அங்கே வலை வீசுபவனும் மாடு மேய்ப்பவனும் தன் ஊரின் தலைவிதியை வர்த்தமானி வெளிவந்த பின்னரன்றோ அறிகிறான்? அவ்வர்த்தமானியை அவன் கண்ணாலே கண்டதுண்டா?

எல்லைக்கல் நிலையானதென்றும் எண்ணிவிட வேண்டாம். ஏழைக்கு முன்னே மலைபோல் நிற்கும் அது, முதலுக்கு முன்னே பஞ்சுபோல் பறக்கும். 2020 நவம்பரில், எஞ்சிய அரச காடுகளைப் பாதுகாத்த 2001 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை நீக்கப்பட்டு, அக்காடுகளைப் பயிர்ச்செய்கை முதலிய பொருளாதார நோக்கங்களுக்கு விடுவிக்கும் வழி திறக்கப்பட்டது. காணியற்றவனின் பெயரால் திறக்கப்பட்ட கதவு அது. 2024 மே மாதத்தில், மன்னாரின் விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கத்தில் ஒரு பகுதியை, இறால் முதலிய நீர்வாழுயிர் வளர்ப்புக்கென விலக்கும் வர்த்தமானி வெளிவந்தது. சூழலியலாளர் நீதிமன்றம் சென்று அதற்கு இடைக்காலத் தடை பெறவேண்டியதாயிற்று. கண்டற்காடு நண்டுக்கும் மீனுக்கும் தொட்டிலென்று மீனவனுக்குப் பாடஞ் சொன்ன அரசு, முதலீடு என்ற சொல்லைக் கேட்டதும் அப்பாடத்தை மறந்துவிட்டது. கோடு கிழிக்கும் கையும் அழிக்கும் கையும் ஒன்றே. இரண்டு வேளையிலும் ஊரவன் கையில் எழுதுகோல் இல்லை.

துவக்கு நீட்டுவோர்

இனித் துவக்குக் கட்சியாரைப் பார்ப்போம்.

கமக்காரனின் துன்பம் கற்பனையன்று. ஓரிரவில் யானை அழித்த வயலை நான் கண்டிருக்கிறேன். பன்றி கிளறிய கிழங்குத் தோட்டத்தையும், குரங்கு குரும்பையிலேயே பறித்தெறிந்த தென்னையையும், மயில் பொறுக்கிய விதைநெல்லையும் கண்டிருக்கிறேன். கடன்பட்டு விதைத்தவனிடம் சென்று உயிரின அருமையைப் பேச எனக்கு நாவெழாது. 2023 ஆம் ஆண்டில் மட்டும் 450க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் இந்நாட்டிலே ஒருவரால் ஒருவர் மாண்டனர். அம்மனிதருள் மாளிகைவாசி எவரும் இருந்திருக்கமாட்டார். அந்த யானைகளுட் பல, ‘ஹக்கபட்டாஸ்’ எனச் சிங்களத்தில் வழங்கும் வாய்வெடியைக் கடித்துத் தாடை சிதறி, உண்ண முடியாது வாரக்கணக்கில் வாடி இறந்தவை.

இத்துன்பத்துக்கு மருந்தாக 2023 இல் என்ன தரப்பட்டது? குரங்கு, மயில், பன்றி முதலியவற்றைப் பாதுகாப்பிலிருந்து விலக்கி, பயிருக்கு வந்தால் கொல்லலாம் என்னும் அறிவிப்பு வந்தது. அதே ஆண்டில் ஒரு இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனையும் வெளிவந்தது. சூழலியலாளர் வழக்குத் தொடுத்த பின்னர் அது கைவிடப்பட்டது. 2025 மார்ச் 15 ஆம் நாள் காலை எட்டு மணி முதல் ஐந்து நிமிட நேரம், அவரவர் வளவிலே காணும் குரங்கையும் மயிலையும் மர அணிலையும் பன்றியையும் எண்ணுமாறு நாட்டு மக்கள் பணிக்கப்பட்டனர். எங்கள் ஊரிலும் எண்ணினோம். எண்ணி முடித்தபின், எண்ணப்பட்டவையும் எண்ணியோரும் வழமைபோலத் தத்தம் வேலைக்குச் சென்றோம்.

கேட்கிறேன்: துவக்கு யாருக்கு? உரிமம் பெற்ற துவக்கு இன்று யார் வீட்டுச் சுவரில் தொங்குகின்றது? கச்சேரிக்கும் பொலிசுக்கும் அலைந்து உரிமம் பெற வல்லவன் காற்காணி குத்தகைக்குச் செய்பவனா, நூறு ஏக்கர் கமக்காரனா? போர் முடிந்து இத்தனை ஆண்டின் பின்னும், வடக்கிலே ஒரு ஏழைத் தமிழன் துவக்குக் கேட்டு விண்ணப்பிப்பதை நினைத்துப் பார்க்கத்தான் முடியுமா? அவனுக்குக் கிட்டுவது இடியன் துவக்கும் வாய்வெடியும் திருட்டு மின்கம்பியுமே. அவற்றால் அவனும் அவன் அயலவனும் இறப்பதையும் நாம் கண்டுள்ளோம்.

மேலும் கேட்கிறேன்: வேட்டை தளர்த்தப்பட்டால் இறைச்சி யாரிடஞ் செல்லும்? வீதியோர விடுதிகளிலே மரை இறைச்சிக்கும் பன்றி இறைச்சிக்கும் விலை கூறுபவன் கிராமத்தானல்லன். கண்ணி வைப்பவன் பிடிபடுவான். குளிரூட்டிய வாகனத்தில் ஏற்றிச் செல்பவன் பிடிபடுவதில்லை. சட்டம் தளர்ந்தால் பயிர் பிழைக்கும் என்பது ஐயத்துக்குரியது. வாணிபம் பெருகும் என்பது உறுதி.

குரங்கு ஏன் ஊருக்கு வருகிறது? அதன் மரத்தை வெட்டிவிட்டோம். ஊர் ஓரத்திலே குப்பை மேட்டை அமைத்து விருந்து வைத்தோம். யானை ஏன் வயலுக்கு வருகிறது? அதன் பழைய வழியின் குறுக்கே பெருந்தோட்டமும் நெடுஞ்சாலையும் முகாமும் வேலியும் வந்துவிட்டன. நமது நாட்டு யானைகள் நடமாடும் நிலத்தின் பெரும்பகுதி காப்பகங்களுக்கு வெளியேதான் இருக்கிறது. இதனைப் பொருட்படுத்தாது, காப்பக எல்லையிலே மின்வேலியை நாட்டினார்கள். ஒரு திணைக்களத்தின் காட்டுக்கும் மற்றொரு திணைக்களத்தின் காட்டுக்கும் இடையே, இரு புறமும் யானைகள் நிற்க, நடுவே வேலி நின்ற வேடிக்கையும் இந்நாட்டிலே நிகழ்ந்தது. யானைக்குத் திணைக்களம் தெரியாது!

யானை ஆய்வாளர் பிரித்திவிராஜ் பெர்னாண்டோ தலைமையில் 2020 இல் அமைந்த குழு தீட்டிய திட்டம் இதற்கு மாற்று வழி காட்டியது. வேலியைக் காட்டின் எல்லையிலன்று, வயலின் எல்லையிலும் ஊரின் எல்லையிலும் நாட்டுக. வயல் வேலியைக் கமக்காரரே பராமரித்து, அறுவடை முடிந்ததும் கழற்றி, யானை அரிதாளை மேய விடுக என்பது அதன் சாரம். யானையை எதிரியாகவோ தெய்வமாகவோ கொள்ளாது, அயலவனாகக் கொண்ட திட்டம் அது. அதனை முழுமையாக நிறைவேற்றத் துணிவு காணோம். துவக்குப் பற்றிய பேச்சுக்கோ குறைவில்லை. ஏனெனில் பேச்சுக்குச் செலவில்லை.

கமக்காரன் கொலையையே விரும்புகிறான் என்பது அவனை அறியாதார் கூற்று. 2021 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அம்பாந்தோட்டை மாவட்டத்து வல்சபுகல என்னுமிடத்திலே கமக்காரர் வாரக்கணக்கிற் சத்தியாக்கிரகமிருந்தனர். அவர்கள் கேட்டது யாது? துவக்கன்று. யானைகளுக்கென ஒரு காப்புநிலத்தை வரையறுத்து வர்த்தமானியில் வெளியிடுங்கள் என்றே கேட்டனர். யானைக்கு நிலமிருந்தால் எமக்கும் நிலமிருக்கும் என்னும் மெய்யுணர்வை, பல்கலைக்கழகம் காணாத அச்சிங்களக் கமக்காரர் நமக்கு உணர்த்தினர். வன்னியின் தமிழ்க் கமக்காரனும் அவர்களும் ஒரே யானைக்கு அஞ்சி, ஒரே சட்டத்தாற் குட்டப்படுபவர்கள். மொழியின் பெயரால் இவ்விருவரையும் பிரித்துவைத்தோர், இருவர் காணியையும் குறைவின்றி அபகரித்தனர்.

மறுப்புக்கு மறுமொழி

“ஊரவர் கையில் காட்டைக் கொடுத்தால் நாளைக்கே மொட்டையடித்து விடுவார்கள்” என்று கற்றோர் கூறுவர். காட்டை மொட்டையடித்த வரலாறு யாருடையது? மலைநாட்டுக் காட்டைக் கோப்பிக்கும் தேயிலைக்கும் எரித்தவன் கிராமத்தானா? முதிரையையும் பாலையையும் வெட்டி இரவிலே பாரவாகனத்தில் அனுப்புவதற்கு முதலிடுபவன் விறகு பொறுக்கும் கிழவியா? குளமும் காடும் ஒன்றையொன்று காக்கும் என்பதைக் குளங்கட்டிய நம் முன்னோர் அறிந்திருந்தனர். அலைகரைக்கு மேலுள்ள மரச்செறிவை அழியாது பேணினர். அது மண் வந்து குளத்தைத் தூர்க்காமற் காத்தது. எந்தத் திணைக்களமும் தோன்றுமுன்னரே அந்தக் காவல் நடந்தது.

அதற்காக, ஊரவர் அனைவரும் உத்தமர் என்று நான் வாதிடவில்லை. நம் ஊரிலும் மண் அள்ளுவோர் உளர். மரங் கடத்துவோர் உளர். ஊருக்கும் வர்க்கம் உண்டு. நீர்வளமுள்ள வயல் யாருக்குச் சொந்தமென்றும், யானை வரும் காட்டோரத்திலே குடியிருப்பவர் யாரென்றும் பாருங்கள். 1977 ஆம் ஆண்டு வன்செயலிலே தோட்டத்தை விட்டோடி வந்த மலையக மக்களின் வழியினர் பலர், இன்றும் உறுதியில்லாக் காணியிலே, யானையின் வாசலிலே வாழ்கின்றனர். ஊரின் நல்ல நிலத்தில் அவர்களுக்குப் பங்கு தராதவர்கள் நாமே. ‘மண்ணின் மைந்தர்’ என முழங்கும் நம்மவர் சிலர், இம்மக்களை வேலியாக நிறுத்திவிட்டு, அவர்களுக்குப் பின்னே பத்திரமாக உறங்குகின்றனர். காட்டுரிமை பற்றிப் பேசுவோர் முதலில் ஊருக்குள்ளே நில உரிமை பற்றிப் பேசும் நேர்மை உடையவராதல் வேண்டும்.

நமக்கு இச்சட்டத்தைத் தந்த இங்கிலாந்தின் கதையையும் சற்று நோக்குவோம். அங்கும் பொதுநிலங்களை வேலியடைத்துப் பிரபுக்கள் விழுங்கினர். 1932 இல் மான்செஸ்டர்ப் பகுதித் தொழிலாள இளைஞர், கின்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலத்தினுள்ளே கூட்டமாய் அத்துமீறி நடந்தனர். பிரபுவின் வேட்டைப் பறவைக்காக மனிதன் நடக்கத் தடையிருந்த நிலம் அது. ஐவர் சிறை சென்றனர். அவர்களின் போராட்டம் வீண் போகவில்லை. 2000 ஆம் ஆண்டின் சட்டம் இங்கிலாந்திலும் வேல்சிலும் மலைநிலத்திலும் மேட்டுநிலத்திலும் நடந்து செல்லும் உரிமையைத் தந்தது. ஸ்கொட்லாந்தின் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் அதனினும் விரிந்த உரிமையைத் தந்தது. நாய்களை ஏவி நரி வேட்டையாடும் கனவான் விளையாட்டும் 2004 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கே தடைசெய்யப்பட்டது. டார்ட்மூர் பொதுநிலத்தில் மக்கள் இரவு தங்கும் உரிமையை எதிர்த்து நிலவுடைமையாளர் தொடுத்த வழக்கும் 2025 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்திலே தோற்றது. அண்டை நாடான இந்தியாவிலும், காட்டுரிமைச் சட்டம் 2006 இல் பழங்குடிகளுக்கும் காட்டுவாழ்நருக்கும் நேர்ந்த வரலாற்று அநீதியை ஒப்புக்கொண்டது. நடைமுறையில் அதற்குக் குறைகள் பலவாயினும், ஒப்புக்கொள்வதே ஒரு தொடக்கமன்றோ? கற்பித்த எசமான் தன் வீட்டிலே திருத்திக்கொண்ட பாடத்தை நாம் இன்னும் நெட்டுருப் பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

வேண்டுவன

ஆகவே, சட்டம் திருத்தப்படவேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. திருத்தம் எத்திசையில் என்பதே கேள்வி.

ஊரவன் நிரூபிக்கும்வரை நிலம் அரசுக்கென்னும் 1840 இன் தத்துவம் தலைகீழாக்கப்படல் வேண்டும். போரால் வெளியேறியோரின் நிலத்தைப் பொறுத்தவரையில், அது காடென்று நிரூபிக்கும் பொறுப்பு அரசினுடையதாதல் வேண்டும். எல்லைக்கல் நாட்டுமுன், அவ்வூர் மொழியிலே, அவ்வூர் மரத்தடியிலே அறிவித்து, மக்கள் கூற்றைக் கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். விழுந்த விறகு, தேன், மூலிகை, மேய்ச்சல், குளத்து மீன், கோயில் வழி ஆகிய மரபுரிமைகள் சட்டத்திலே பெயர் குறித்து எழுதப்படல் வேண்டும். வேடர்க்குரிய நிலம் வேடர் பொறுப்பிலே விடப்படல் வேண்டும். ஒதுக்கிய காட்டைக் கம்பனிக்காக விடுவிக்கும் அதிகாரம் ஓர் அமைச்சரின் கையொப்பத்திலே தங்கியிருத்தலாகாது. உயிரினத்தின் பாதுகாப்பை நீக்குவது அறிவியலாரின் ஆய்வும் பொது விவாதமுமின்றி நிகழ்தலாகாது. வயல் வேலி அரசுச் செலவில் அமைந்து, கமக்காரர் சங்கத்தின் பொறுப்பில் நிற்றல் வேண்டும். அழிந்த பயிருக்கும் இழந்த உயிருக்கும் நட்டஈடு, அடுத்த விதைப்புக்கு முன் வீடு தேடி வருதல் வேண்டும். இவற்றுள் எதுவும் புரட்சியன்று, வெறும் நீதி.

தமிழாசிரியனுக்குப் பழைய இலக்கியம் பேசாது இருக்க இயலாது, பொறுத்தருள்க. குளிரால் நடுங்கியதென்று மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை ஆண்டுதோறும் வகுப்பிலே புகழ்கிறோம். ஆனால் அதே சங்கப் பாடல்களிலே, தினைப்புனத்தில் பரண் அமைத்துக் கிளி கடிந்தவளும், கவண் கல்லெறிந்து யானை கலைத்தவனும் நடமாடுவதை மறந்துவிடுகிறோம். பேகன் போர்வை கொடுத்தான். அவனுக்கு விதைத்த நிலமும் விழித்த இரவும் இல்லை. புனங்காத்தவன் போர்வை கொடுக்கவில்லை. அவன் விலங்கோடு நாள்தோறும் மல்லுக்கட்டினான். எனினும் காட்டை அழித்தொழிக்கவில்லை, காடும் அவனைத் துரத்தவில்லை. நமக்கு வேண்டிய சட்டம் பேகனின் பெருந்தன்மையாலன்று, புனங்காத்தவனின் அனுபவத்தால் எழுதப்படவேண்டியது.

அந்த மாணவனின் தாளுக்கு நான் புள்ளி இடவில்லை. “நீ எழுதியது உண்மை, ஆனால் அது முடிவன்று. மிகுதியை எழுது” என்று குறித்துத் திருப்பிக் கொடுத்தேன். மறு வாரம் வந்தான். தகப்பனைக் கேட்டு எழுதியதாகச் சொன்னான். எந்தக் குளத்தின் மேலே எந்த மரம் நின்றது, யானை எந்த மாதத்தில் எவ்வழி வரும், தேன் எடுப்போர் எந்த மரத்தை வெட்டாது விடுவர், எல்லைக்கல் எந்தக் கிணற்றை விழுங்கியது என்று நான்கு பக்கம் இருந்தது. சட்டம் திருத்தும் பெரியோர் எவரும் இந்நான்கு பக்கத்தை இதுவரை கேட்டதில்லை. கேட்கும்வரை, அவர்கள் நாட்டும் கல்லும் பொய். நீட்டும் துவக்கும் பொய்.